ஆடி முடியட்டும்

ஊரூர் குப்பம்
16 ஜூன் 2025

வைரவா,

உன் எண்ணை நான் தடுத்து வைத்தது அப்படியேதான் இருக்கிறது. மெயிலில் எழுதினால் உன் ஆபீசில் நாலு பேர் படிப்பார்கள், இது நாலு பேர் படிக்கிற விஷயம் இல்லை. அதனால்தான் காகிதம். புடவை எடுக்க வந்தவள் மாதிரி உன் அப்பாவின் கடைக்குள் நுழைந்து கல்லாவில் கொடுத்துவிட்டு வரப் போகிறேன். கம்பெனிக்கு உன் குடும்பப் பெயரை வைத்துவிட்டு என்னைச் சம்பளக்காரி ஆக்கினாயே, அந்தப் பழைய சண்டையைக் கிளற இதை எழுதவில்லை. கிளறினாலும் நீ ஜெயிக்கப் போவதில்லை.

விஷயம் கோர்வையைப் பற்றியது. கல்லூரி முடித்த கையோடு உன் கடை மூன்றாம் மாடியில் உட்கார்ந்து நீயும் நானும் எழுதிய அதே புரோகிராம்தான். இன்றைக்கு எத்தனையோ பேர் புரோகிராம் எழுதுகிற டூலுக்குள் அது இருக்கிறது. யாராவது ஒரு ப்ராஜெக்டைத் திறந்தால், அதன் விவரங்களை முதலில் படித்துக் கொடுப்பது நம் கோர்வை. ப்ராஜெக்டின் பெயரை வாங்கி வைக்க நாம் ஓர் இடம் ஒதுக்கினோமே, ஞாபகம் இருக்கிறதா? இடத்தை ஒதுக்கினோம், வருகிற பெயர் எவ்வளவு நீளம் என்று அளக்கவில்லை. உழக்கை வைத்துக்கொண்டு படி அரிசியைக் கொட்டினால் மிச்சம் பக்கத்தில்தானே சிந்தும்? கணினியில் அந்தப் பக்கத்து இடத்தில்தான், அடுத்து என்ன செய்ய வேண்டும் என்கிற உத்தரவு இருக்கிறது. சிந்த வேண்டியதைத் திட்டமிட்டுத் தயாரித்து ஒருவன் அனுப்பினால், அதற்குப் பிறகு அங்கே அவன் உத்தரவுதான்.

சும்மா சொல்லவில்லை. நேற்று மிக நீளமான பெயர் வைத்து ஒரு ப்ராஜெக்ட் செய்து திறந்தேன். டூல் செத்து விழுந்தது. பெயரைக் கொஞ்சம் மாற்றி மறுபடி திறந்தேன். நான் கேட்காமலே கால்குலேட்டர் வந்து நின்றது. கால்குலேட்டரை வரவழைக்க முடிந்தால் எதை வேண்டுமானாலும் வரவழைக்கலாம். முகம் தெரியாதவன் அனுப்பிய ஃபோல்டரைத் திறந்தால் போதும், கணினி அவன் கைக்குப் போய்விடும்.

அந்த வரியை எழுதியது நீயா நானா என்று நான் போய்ப் பார்க்கவில்லை. கோர்வை இப்போது உன் கம்பெனியுடையது. அடைக்க வேண்டியதும் நீ, ஊருக்கு எச்சரிக்கை போட வேண்டியதும் நீ. கண்டுபிடித்தவர் மூன்று மாதம் வாயை மூடிக்கொண்டிருப்பது நம் தொழிலில் வழக்கம். இருக்கிறேன். அதற்குள் முடி.

தமிழ்நிலா


தி. நகர்
19 ஜூன் 2025

நிலா,

உன் உறையை அப்பாவே பிரித்துவிட்டார். ஒரு பக்கம் படித்துவிட்டு, "ஏல, கல்யாணப் பத்திரிகைன்னுல்லா நினைச்சேன். உழக்கு, படின்னு என்னத்தையோ எழுதியிருக்கா" என்று மேலே அனுப்பிவைத்தார். அவருக்கு ஒன்றும் புரியவில்லை, பயப்படாதே.

ஒரு வருஷம் கழித்து உன்னிடமிருந்து வந்த முதல் வரி, என்னைத் தடுத்து வைத்தது அப்படியே இருக்கிறது என்பது. நல்லது.

நீ சொன்னது அத்தனையும் உண்மை. கால்குலேட்டர் எனக்கும் வந்தது. இரண்டு வரியில் அடைத்துவிடலாம் நிலா. அடைப்பதில் ஒன்றுமில்லை, அறிவிப்பதில்தான் சிக்கல்.

பெங்களூர்க்காரர்கள் சிலர் கம்பெனியை வாங்கப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஆனி முடிவதற்குள் கையெழுத்து. அவர்களுக்கு வேண்டியதே கோர்வைதான். அப்பா எனக்கு இந்த வருஷத்தோடு கெடு வைத்திருக்கிறார். "மாடியில வெளையாண்டது போதும், கீழ வந்து கல்லாவுல உக்காரு" என்று தினமும் சாப்பிடும்போது சொல்கிறார். பட்டு வேட்டிக்கு பில் போடவா நான் இவ்வளவு பாடுபட்டேன்? இந்த நேரத்தில் கோர்வையில் ஓட்டை என்று நாமே தண்டோரா போட்டால், வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதைதான்.

கையெழுத்து ஆகும்வரை பொறுத்துக்கொள். மறுநாளே எச்சரிக்கை போடுகிறேன், உன் பெயரோடு. அதுவரை உன்னையும் என்னையும் தவிர மூன்றாவது ஆளுக்குத் தெரியக் கூடாது. குறிப்பாக உன் தம்பி பாலுவுக்கு. அவன் நல்ல பையன்தான், ஆனால் காலையில் அவனிடம் சொன்னால் மத்தியானம் அவன் நண்பர்கள் குரூப்பில் வந்துவிடும். எனக்காக இதைச் செய்.

கடைக்கு டெலிவரி போகிற மெஹபூப் அலி பாயிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பதிலையும் அவரிடமே கொடு. பெங்களூர் வக்கீல்கள் எங்கள் மெயிலை எல்லாம் வாங்கிப் படிக்கிறார்கள்.

வைரவன்


ஊரூர் குப்பம்
23 ஜூன் 2025

வைரவா,

மெயிலில் எழுத நான் கூச்சப்பட்டதற்குக் காரணம் வேறு, நீ கூச்சப்படுவதற்குக் காரணம் வேறு. போகட்டும்.

பாயை அம்மா வெறுங்கையோடு அனுப்பவில்லை. காலையில் விற்று மிஞ்சிய நெத்திலியைக் கட்டிக் கொடுத்திருக்கிறாள். "இன்னாமே இது, போன் இருக்க சொல்லோ கடுதாசி எழுதிக்கினு கீறீங்க? மறுபடியும் கூட்டு சேந்துட்டீங்களா?" என்று என்னைக் கேட்டாள். இல்லை என்றேன்.

பாலுவிடம் மறைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அடையாறில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத்துக்கு டெஸ்டிங் வேலை பார்க்கிறான். அவன் வேலை செய்வதே நம் கோர்வை இருக்கிற டூலில்தான். பக்கத்து நாற்காலிக்காரனிடமெல்லாம் "எங்க அக்கா எழுதுனது" என்று சொல்லி வைத்திருக்கிறான். ஒரே அறையில் படுக்கிறோம். இருந்தாலும் நீ சொல்வது சரி, அவன் வாயில் எதுவும் நிற்காது. சொல்ல மாட்டேன். நான் சொன்னால் சொன்னதுதான் என்று உனக்குத் தெரியும். நீயும் யாரிடமும் சொல்லாதே.

தமிழ்நிலா


தி. நகர்
18 ஜூலை 2025

நிலா,

திட்டுவாய் என்று தெரிந்தே எழுதுகிறேன். கையெழுத்து ஆகவில்லை. ஆனி கடைசியில் எல்லாம் தயாராக இருந்தபோது பெங்களூர் வக்கீல் ஏதோ ஒரு பத்திரத்தை மறந்துவிட்டு வந்தான். அவன் போய் எடுத்து வருவதற்குள் ஆடி பிறந்துவிட்டது.

அப்பா ஒரே பிடிவாதம். கம்பெனியில் பாதி அவர் பெயரில் இருக்கிறது, அவர் கையெழுத்து இல்லாமல் நடக்காது. "ஆடியில எவனாவது கைமாத்துவானா? நல்லதுக்கில்ல. ஆவணி மொத முகூர்த்தத்துல போடுதேன், ஆடி முடியட்டும்" என்று சொல்லிவிட்டார். கீழே தள்ளுபடிக் கூட்டம், படியேறி என் அறைக்கு வரவே முடியவில்லை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், இவரை மட்டும் அசைக்க முடியவில்லை.

உன் மனசு ஆறட்டும் என்று ஒன்று செய்திருக்கிறேன். நேற்று ஓட்டையை அடைத்துப் புதுப் பதிப்பில் சேர்த்துவிட்டேன். திருத்தக் குறிப்பில் "சிறு சுத்தம்" என்று மட்டும் போட்டிருக்கிறேன். எச்சரிக்கை ஆவணியில். யாருக்கும் எதுவும் ஆகாது. இன்னும் ஒரு மாதம்தான்.

வைரவன்


ஊரூர் குப்பம்
22 ஜூலை 2025

வைரவா,

சிறு சுத்தமா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு என் மனசு ஆறட்டும் என்கிறாயே.

நீ திருத்திய வரி எல்லார் பார்வைக்கும் திறந்து கிடக்கிறது. பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் படிப்பதையே பிழைப்பாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்று உனக்குத் தெரியாதா? ஒரு தெருவில் எல்லா வீடும் ஒரே மாதிரி கட்டியது என்று வைத்துக்கொள். ஒருத்தன் மட்டும் பின்சுவரில் ஓரிடத்தில் புதிதாகப் பூசினால் திருடன் என்ன செய்வான்? மற்ற வீடுகளில் அதே இடத்தைத் தட்டிப் பார்ப்பான். வீட்டுக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது. எச்சரிக்கை வந்தால்தான் ஆபீஸ்களில் புதுப் பதிப்பைப் போடுவார்கள். பாலுவின் ஆபீசில் அப்படித்தான். சிறு சுத்தத்துக்கு எவன் அவசரப்படுவான்? நீ அடைக்காமல் இருந்திருந்தாலாவது ஓட்டை எங்கே என்று யாருக்கும் தெரிந்திருக்காது. இப்போது தெரிய வேண்டியவனுக்குத் தெரியாது, தெரியக் கூடாதவனுக்குத் தெரியும்.

உன் அப்பா ஆடியில் கையெழுத்துப் போட வேண்டாம். எச்சரிக்கை போடுவதற்கு என்ன முகூர்த்தம்? திருடன் பஞ்சாங்கம் பார்த்தா வருவான்?

மூன்று மாதம் என்று முதலில் சொன்னவள் நான். அந்த ஒரு காரணத்துக்காக இன்னும் பேசாமல் இருக்கிறேன். சீக்கிரம் போடு.

தமிழ்நிலா


ஊரூர் குப்பம்
6 ஆகஸ்ட் 2025

வைரவா,

வந்துவிட்டான். அந்தத் திருடன் வேறு எங்கும் போகவில்லை, நேராக என் வீட்டுக்கே வந்துவிட்டான்.

பாலு வேறு வேலை தேடிக்கொண்டிருந்தான். போன வாரம் எவனோ ஒருவன், வெளிநாட்டுக் கம்பெனி என்று சொல்லி, "இந்த ப்ராஜெக்டைத் திறந்து தப்புகளைக் கண்டுபிடித்துக் கொடு, பிடித்திருந்தால் வேலை" என்று ஒரு ஃபோல்டர் அனுப்பியிருக்கிறான். பாலுவிடம் இருப்பது ஆபீஸ் லேப்டாப் ஒன்றுதான். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவன் தரையில் உட்கார்ந்து என்னைப் பார்த்துக் கேட்டான்.

"யக்கா, தெரியாத ஆளு அனுப்சிகீறான். நம்ம டூல்ல தொறந்தா ஒண்ணியும் ஆவாதுல்ல?"

நான் "ம்" என்றேன்.

ஏன் என்று கேட்காதே. வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று கேட்பான். உலகத்தில் இத்தனை பேர் இருக்க இவனிடமா வரப் போகிறான் என்று நினைத்தேன். உனக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். அவன் திறந்தான்.

இரண்டு நாளில் அவன் ஆபீஸ் வாடிக்கையாளர்களின் கோப்புகள் அத்தனையும் வெளியே போய்விட்டன, அவன் லேப்டாப் வழியாக. அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பிவிட்டார்கள். சைபர் கிரைமில் புகார். நேற்று முழுக்க அங்கே உட்கார வைத்திருந்தார்கள். நானும் அம்மாவும் வாசலில் நின்றோம். அவனுடைய மேனேஜர் துரைராஜ் என்பவர் எங்கள் முன்னாலேயே சொன்னார்: "ஃபைலைத் தொறந்ததுக்கே இப்படி ஆகுமா? நாங்க தினம் நூறு தொறக்கறோம். இவன் காசு வாங்கிட்டு பாஸ்வேர்டைக் கொடுத்திருக்கான்." பாலு "தொறந்தேன் சார், அவ்ளோதான் சார்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் நம்பவில்லை. அம்மாவே ஒரு தடவை அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் பொய் சொல்லவில்லை என்பது உலகத்தில் இரண்டு பேருக்குத் தெரியும். அதில் ஒருவன் நீ. திறந்தாலே போதும் என்று நீ எச்சரிக்கை போட்டால் அவன் வெளியே வருவான். இல்லாவிட்டால் உள்ளே போவான். இன்றைக்கே போடு. தும்பை விட்டாயிற்று, வாலையாவது பிடி.

தமிழ்நிலா


தி. நகர்
8 ஆகஸ்ட் 2025

நிலா,

படித்தேன். பாலுவை நம் காலேஜ் காலத்திலிருந்து பார்க்கிறேன், அவன் அப்படிச் செய்கிறவன் இல்லை. எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றை யோசி. ஆடி முடிய இன்னும் ஒரு வாரம்தான். அவனைக் கைது செய்யவில்லையே, விசாரிக்கிறார்கள், அவ்வளவுதானே? மயிலாப்பூரில் பரத்வாஜ் என்று எனக்குத் தெரிந்த வக்கீல் இருக்கிறார். நல்ல மனுஷன். நான் பேசிவிட்டேன். நாளைக்கே அவரைப் போய்ப் பார். ஒரு வாரம் இழுத்துக் கொடுக்க அவரால் முடியும்.

எல்லா இடத்திலும் இப்படி ஆகவில்லை என்பதையும் நினைத்துப் பார். ஜெயலக்ஷ்மி அக்காவைக் கட்டியிருக்கிற அத்தானின் ஆபீசில் முப்பது கணினி இருக்கிறது. ஜூன் மாதமே நான் போய் ஓட்டையை அடைத்து மாற்றிக் கொடுத்தேன், அவர்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பாலுவின் ஆபீஸ்காரர்கள் கவனமாக இருந்திருந்தால் அவர்களும் புதுப் பதிப்புக்கு மாற்றியிருக்கலாம். முழுப் பழியும் நம் தலையில்தான் என்று நீ நினைக்க வேண்டியதில்லை.

தைரியமாக இரு.

வைரவன்


ஊரூர் குப்பம்
10 ஆகஸ்ட் 2025

வைரவா,

ஜூன் மாதமே என்று எழுதியிருக்கிறாய். நான்கு தடவை படித்துப் பார்த்தேன், உன் கையெழுத்துதான்.

மூன்றாவது ஆளுக்குத் தெரியக் கூடாது என்று எனக்கு எழுதிய அதே ஜூன் மாதம், உன் அக்காள் புருஷன் ஆபீசுக்குப் போய் உட்கார்ந்து ஒவ்வொரு கணினியாக அடைத்துக் கொடுத்திருக்கிறாய். என் கூடப் பிறந்தவன் என் எதிரில் தரையில் உட்கார்ந்து கேட்டான். அவனுக்கு நான் சொல்லவில்லை. நீ சொல்லக் கூடாது என்றாயே, அதற்காகச் சொல்லவில்லை. உனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், எனக்கு வாக்கு இருக்கிறது, அப்படித்தானே? பாலுவின் ஆபீஸ்காரர்கள் கவனமாக இருந்திருக்கலாமாம். அவர்கள் யாருக்கு அத்தான்?

உன்னை வெறுக்கிறேன் வைரவா. கம்பெனியில் என்னைச் சம்பளக்காரி ஆக்கியபோதுகூட இப்படி நினைத்ததில்லை. உன்னைவிட அதிகமாக என்னை வெறுக்கிறேன். நான் ஏமாறியதால் இல்லை. நல்லவள் என்று பெயர் எடுக்க ஆசைப்பட்டேன் பார், அதற்காக.

உன் வக்கீல் வேண்டாம். நீ போடாவிட்டால் நானே போடுகிறேன். ஓட்டை எது, எப்படித் திறக்கிறது, உன்னிடம் நான் எந்தத் தேதியில் சொன்னேன், எல்லாம் சேர்த்து. தேதி இல்லாமல் போட்டால், தம்பியைக் காப்பாற்ற இப்போது கதை கட்டுகிறாள் என்பார்கள்.

தமிழ்நிலா


தி. நகர்
12 ஆகஸ்ட் 2025

நிலா,

அத்தான் விஷயத்தில் நான் சமாதானம் சொல்லப் போவதில்லை. வீட்டு மாப்பிள்ளை, அவர் பிழைப்பு போனால் அக்காவின் பிழைப்பும் போகும். நீயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாய் என்று எழுத வந்தேன். நீ செய்யவில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ளாதே. நீ தேதியோடு போட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாயா? ஓட்டையைக் கண்டுபிடித்தவள் அக்கா. அந்த ஓட்டை வழியாகத் திருட்டு நடந்தது தம்பியின் லேப்டாப்பில். இரண்டு பேரும் ஒரே வீடு. அக்காவும் தம்பியும் சேர்ந்து செய்தார்கள் என்று எவனாவது சொன்னால் என்ன பதில் சொல்வாய்? நான் போட்டால் உன் பெயரைச் சொல்லாமல் போடலாம். ஆவணி பிறந்த மறுநாள் போடுகிறேன். சத்தியமாக.

அப்புறம், பாலு அதைப் படிப்பான். ஜூனிலிருந்து உனக்குத் தெரியும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். அதையும் யோசி.

வைரவன்


ஊரூர் குப்பம்
15 ஆகஸ்ட் 2025

வைரவா,

போட்டுவிட்டேன். இந்நேரம் நீ பார்த்திருப்பாய்.

நீ மிரட்டல் இல்லை என்று எழுதியதை எல்லாம் யோசித்தேன். அறிவிப்பு வந்ததும் போலீஸ் என்னையும் கூப்பிட்டார்கள். கால்குலேட்டரை அவர்கள் கண் முன்னாலேயே வரவழைத்துக் காட்டினேன். ஒரு பெண் அதிகாரி தன் கையாலேயே திறந்து பார்த்துவிட்டு, "அட, தொறந்தா போதுமா?" என்று எழுந்து நின்றுவிட்டார். என்னையும் சந்தேகப்படட்டும். விசாரித்தால் தெரிந்துவிடும்.

போலீசில் சொல்வதற்கு முன்னால் பாலுவிடம் நானே சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஊர் சொல்லி அவனுக்குத் தெரியக் கூடாது. படகு நிற்கிற இடத்துக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னேன். முதலில் அவனுக்குப் புரியவில்லை. "அப்போ நான் தப்பு பண்ணலன்னு காட்டிடலாமா?" என்று சிரித்தான். பல நாளுக்குப் பிறகு சிரித்தான். அப்புறம் கேட்டான்.

"உனுக்கு எப்பலேர்ந்து தெரியும்?"

"ஜூன்லேர்ந்து."

"நான் அன்னிக்கு உன்னாண்ட கேக்க சொல்லோ?"

"தெரியும்."

அவன் கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. "வைரவனுக்கு வாக்கு குடுத்திருந்தேன்டா" என்றேன். அப்போது சொன்னான், "அவுரு மேல எனுக்கு இன்னா கோவம்? அவுரு வெளியாளு. அவுரு பொழப்ப அவுரு பாத்துக்கினாரு. நீ யாரு பொழப்ப பாத்துக்கினு இருந்த?"

அவன் கடலோரமாகவே நடந்து போய்விட்டான். நான் வீட்டுக்கு வந்து, அறிவிப்பில் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்து, போட்டேன். இன்னும் ஆடி முடியவில்லை.

இதோடு உனக்கு எழுதுவதை நிறுத்துகிறேன். பாயை அனுப்பாதே.

தமிழ்நிலா


தி. நகர்
12 செப்டம்பர் 2025

நிலா,

அனுப்பாதே என்றாய், அனுப்புகிறேன். கிழிப்பதற்கு முன்னால் படித்துவிடு.

கம்பெனி கைமாறிவிட்டது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் அப்பா கையெழுத்துப் போட்டார். உன் அறிவிப்பைப் பார்த்துவிட்டு பெங்களூர்க்காரர்கள் ஓடிவிடுவார்கள் என்று நான் கல்லாவில் உட்காரத் தயாராகியிருந்தேன். அவர்களில் ஒருவர் என் தோளைத் தட்டி, "எங்களுக்கு ஜூலையிலேயே தெரியும். 'சிறு சுத்தம்' என்று போட்டிருந்தீர்களே, அதைப் படித்த அன்றே எங்கள் ஆட்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். நீங்களாகச் சொல்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். சொல்லிவிட்டீர்கள், சந்தோஷம்" என்றார். நீயும் நானும் பேசி வைத்துக்கொண்டு போட்டதாக நினைத்திருக்கிறார்கள். நான் மறுக்கவில்லை. இதை உன்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் உன்னிடம் மட்டும்தான் சொல்ல முடிகிறது.

வாங்க வந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது, திருடனுக்குத் தெரிந்திருந்தது, அத்தானுக்குத் தெரிந்திருந்தது. யாரிடமிருந்து மறைத்தோம் என்று நினைத்தால் பாலு ஒருவன்தான் மிஞ்சுகிறான்.

அவனைப் பற்றித்தான் எழுத வந்தேன். அவன் மேலிருந்த புகாரை எடுத்துவிட்டார்கள் என்று உனக்குத் தெரிந்திருக்கும். வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. போன வாரம் படியேறி இங்கே வந்தான். "சார், இந்த மாதிரி ஓட்டை தேடுற வேலை எதுனா இருக்குதா?" என்று கேட்டான். பெங்களூர்க்காரர்கள் அதற்குத்தான் ஆள் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை சேர்ந்துவிட்டான். மயிலாப்பூரில் மாட வீதிப் பக்கம் இரண்டு பையன்களோடு அறை எடுத்துத் தங்கியிருக்கிறான். கெட்டிக்காரன் நிலா. என்னோடு டீ குடிக்க வருகிறான், சிரிக்கிறான், என் அப்பாவைக் கேலி செய்கிறான். உன் பேச்சை எடுத்தால் மட்டும் எழுந்து போய்விடுகிறான்.

உனக்கும் இங்கே இடம் இருக்கிறது. கேட்பதற்கு எனக்கு முகம் இல்லை, இருந்தாலும் கேட்கிறேன்.

வைரவன்


ஊரூர் குப்பம்
7 அக்டோபர் 2025

வைரவன்,

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். உன் ஆபீசில் எனக்கு இடம் வேண்டாம். நான் போட்டதை நீ போட்டதாக அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், அந்தப் பெயரையும் நீயே வைத்துக்கொள்.

எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். வேறு வழி தெரியவில்லை. பாலு இங்கே வருவதில்லை. நான் போன் செய்தால் எடுப்பதில்லை. அம்மா மீன் விற்கிற இடத்துக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து பேசிவிட்டுப் போகிறானாம். என்ன சொன்னான் என்று கேட்டால், "அவனாண்டயே கேளு" என்கிறாள். அவள், ஸ்டேஷன் வாசலில் அவனை ஒரு தடவை சந்தேகப்பட்டுப் பார்த்ததற்கும் சேர்த்து, என் மேல் கோபமாக இருக்கிறாள். அவன் பேசிச் சிரிக்கிற ஆட்களில் என்னால் கடிதம் எழுத முடிகிறவன் நீ ஒருவன்தான். என் தலையெழுத்து.

மழை ஆரம்பித்தால் அவனுக்கு மூச்சு இழுப்பு வரும். சின்ன வயதிலிருந்தே உண்டு. வெளியே காட்டிக்கொள்ள மாட்டான், படியேறி வந்து கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தால் அதுதான் என்று தெரிந்துகொள். ஏசிக்கு நேர் எதிரில் உட்கார வைக்காதே. உள்ளே இழுக்கிற மருந்து தீர்ந்தால் சம்பளம் வரட்டும் என்று தள்ளிப் போடுவான். இரண்டு வாங்கி இந்தக் கடிதத்தோடு பாயிடம் கொடுத்திருக்கிறேன். ஆபீசில் எல்லாருக்கும் வைத்திருப்பது மாதிரி உன் மேஜையில் வை, இல்லை நீ வாங்கியதாகச் சொல்லிக் கொடு. நான் அனுப்பியது என்று தெரிந்தால் தொட மாட்டான்.

இந்த ஒன்றையாவது யாரிடமும் சொல்லாமல் இரு.

தமிழ்நிலா